பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா? எது கெடும், ஏன் கெடும், எப்படிப் பார்த்துக்கொள்வது

கேள்வி இது: 2005 மாடல் ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மேனுவல், 231 பிஎஸ் இன்ஜின், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. "80,000-லேயே இன்ஜின் பிரித்துக் கட்டியாச்சு, இனி பயமில்லை" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? வாங்கினால் எதை எதைக் கவனிக்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் இதில் இருப்பது ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுற்றும் வகை. அதற்கான கம்ப்ரஷன் டெஸ்ட் (உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை) எடுத்து, இரண்டு ரோட்டர்களுக்கும் மூன்று மூன்றாக ஆறு எண்களும் கைக்கு வந்த பிறகுதான் முன்பணம். அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் பெயின்ட், சீட், ஓடோமீட்டர் எதைப் பார்த்தும் பயனில்லை. இந்த இன்ஜின் நோயை வெளியே காட்டாது. பாதி உயிர் போன பிறகும் ஐடிலிங்கில் பூனை மாதிரி நிற்கும். வாங்குவதும் பராமரிப்பதும் இந்தக் குணத்தை மனதில் வைத்துத்தான்.

எப்படி மறைக்கிறது? முதலில், டாஷ்போர்டில் உள்ள ஆயில் பிரஷர் முள் உண்மையான மீட்டர் இல்லை. பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச். பிரஷர் ஓரளவு இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் விழும். அதற்கு இடைப்பட்ட எதையும் அது சொல்லாது. கூலன்ட் சூடு காட்டும் முள்ளும் ஏறக்குறைய அப்படித்தான். சாதாரண சூட்டைத் தாண்டியும் வெகுநேரம் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். அது நகர்வதை நீங்கள் பார்க்கும்போது சேதம் தொடங்கியிருக்கும். மூன்றாவது, ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று செத்தாலும் மற்றது எரிக்கும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டுபவருக்கு "இன்னைக்கு பிக்கப் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் தோன்றும். எனவே இந்த வண்டியில் பாகங்களை அறிகுறி பார்த்து மாற்றினால் தாமதம். கிலோமீட்டர் கணக்கில் மாற்ற வேண்டும்.

இன்ஜினைப் பற்றி நான்கு வரி, பின்னால் வருவது புரிவதற்காக. 13பி-எம்எஸ்பி, ரெனெசிஸ் என்று பெயர். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1,308 சிசி. முக்கோண ரோட்டர், இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. மூன்று முனைகளிலும் அப்பெக்ஸ் சீல், பக்கவாட்டில் சைடு சீல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிறிய கார்னர் சீல். வால்வு இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, ஹெட் கேஸ்கெட்டும் இல்லை. ரோட்டர் ஒரு சுற்று சுற்றும்போது நடு ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும். மீட்டரில் 9,000 ஆர்பிஎம் என்றால் ரோட்டர் 3,000-இல்தான் சுற்றுகிறது. பழைய ஆர்எக்ஸ்-7-இல் புகைவாய் ரோட்டர் கூட்டின் சுற்றுச்சுவரில் இருந்தது. ரெனெசிஸில் அதைப் பக்கத் தகட்டுக்கு மாற்றினார்கள். எரிபொருள் செலவும் புகையும் குறைந்தன. பதிலுக்கு, சைடு சீல் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சூடான வாயைக் கடந்து போக வேண்டியதாயிற்று. கரி அங்கேதான் படியும், சீல் அங்கேதான் காடியில் ஒட்டிக்கொள்ளும்.

2003-இல் சர்வதேச இன்ஜின் விருது வாங்கிய அதே இன்ஜினுக்கு, அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று மாஸ்டாவே நீட்டிக்க வேண்டி வந்தது. பிரச்சினை வதந்தி இல்லை என்பதற்கு அது போதும். ஆனால் இந்த இன்ஜின் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. சாவு வரும் வழி கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே: பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பலவீனமாகும், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகும், அது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும், புகை வெளியேற முடியாமல் சூடு இன்ஜினுக்கே திரும்பும், சைடு சீலும் அதன் ஸ்பிரிங்கும் சூட்டில் தளரும், கம்ப்ரஷன் போகும். நான்கு சிறிய காயில்களில் தொடங்கி முழு இன்ஜினில் முடிகிறது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும் வரை இன்ஜினைத் தொடாதீர்கள், ஆறின வண்டியாக இருக்க வேண்டும். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், காரணத்தைக் கேளுங்கள்.

ஆறின நிலையில் கூலன்ட் டேங்க் மூடியைத் திறக்கவும். உள்ளே அழுத்தம் சீறிக்கொண்டு வரக்கூடாது. ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு டேங்கைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் பரவாயில்லை. சோடா மாதிரி தொடர்ந்து பொங்கினால், உள்ளே கூலன்ட் சீல் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் கூலன்டில் இன்ஜினின் புகை கலந்திருக்கிறதா என்று காட்டும் நீல நிறச் சோதனைத் திரவத்தை டேங்க் வாயில் வைத்துப் பாருங்கள். மஞ்சளாக மாறினால் அந்த இன்ஜின் பிரித்தே ஆக வேண்டும். ஆயில் ஊற்றும் மூடிக்குக் கீழே மயோனைஸ் மாதிரி வெளுத்த பசை இருந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். இந்த வண்டியில் அந்தக் கழுத்து பிளாஸ்டிக், இன்ஜினிலிருந்து தள்ளி நிற்கிறது, ஈரம் அங்கே படிவது சகஜம். துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நன்றாகச் சூடு பிடித்த பின் நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு காசும் செலவில்லாத சோதனைகளில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நல்ல இன்ஜின் ஓரிரு விநாடியில் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் நாலைந்து விநாடி சுற்றியும் திணறினால் கம்ப்ரஷன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். காரணம் எளிது: சூட்டில் ஆயில் மெலிந்துவிடும், தேய்ந்த சீலின் இடைவெளியை அடைக்க அதனால் முடியாது. ஆறின நிலையில் கெட்டியான ஆயில் அந்த ஓட்டையை மூடி உங்களை ஏமாற்றிவிடும். செல்ஃப் சுற்றும் சத்தத்தையும் கவனியுங்கள். சீரான துடிப்பாக வர வேண்டும். நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போவது போல் கேட்டால் ரோட்டரின் மூன்று முகங்களில் ஏதோ ஒன்றில் அழுத்தம் இல்லை.

ஓட்டும்போது 3,750, 6,250, 7,250 ஆகிய மூன்று ஆர்பிஎம்களை நினைவில் வையுங்கள். 231 பிஎஸ் இன்ஜினில் காற்று போகும் வழிகள் கட்டம் கட்டமாகத் திறக்கும். 3,750-இல் எஸ்எஸ்வி எனப்படும் இரண்டாம் கட்டக் காற்று வால்வு, 6,250-இல் கூடுதல் வாயில்கள், 7,250-இல் விடிஐ எனப்படும் மற்றொரு காற்று வால்வு. 3,750-க்குப் பிறகு வண்டி சோம்பி நின்றால் எஸ்எஸ்வி கரியில் ஒட்டியிருக்கலாம். கார்புரேட்டர் கிளீனரும் பொறுமையும் இருந்தால் சரியாகும் விஷயம். ஆனால் 5,000-க்கு மேல் யாரோ சைலன்சரில் துணி அடைத்த மாதிரி மூச்சு முட்டினால் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள்.

ஆறு எண்கள்

சாதாரண கார்களுக்கான கம்ப்ரஷன் கேஜ் இங்கே உதவாது. அதற்குள் உள்ள ஒருவழி வால்வு உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். இரண்டு செத்து ஒன்று நன்றாக இருந்தாலும் அந்த நல்ல எண்ணைத்தான் கேஜ் காட்டும். மூன்று முகங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்து, செல்ஃப் என்ன ஆர்பிஎம்மில் சுற்றியது என்பதையும் சேர்த்துத் தரும் ரோட்டரி டெஸ்டர்தான் வேண்டும்.

இன்ஜின் முழுச் சூட்டில், பேட்டரி முழு சார்ஜில், ஆக்சிலரேட்டர் தரையோடு மிதித்த நிலையில் எடுக்க வேண்டும். மாஸ்டாவின் அளவு 250 ஆர்பிஎம்முக்கானது: சதுர செ.மீ.க்கு 8.5 கிலோ இருந்தால் புது இன்ஜின் மாதிரி, 6.9 கிலோ கடைசி எல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5-ஐயும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 1.0-ஐயும் தாண்டக்கூடாது. அந்த 8.5-உம் 6.9-உம் பிஎஸ்ஐயில் சொன்னால் 120, 99.

எண்களைப் படிப்பது எப்படி என்று ஒரு உதாரணம். முன் ரோட்டர் 7.5, 7.4, 7.6, பின் ரோட்டர் 7.4, 5.6, 5.8 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். பின் ரோட்டரில் அடுத்தடுத்த இரண்டு முகங்கள் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இரண்டு முகங்களுக்கு நடுவே நிற்பது ஒரு அப்பெக்ஸ் சீல். அது போனால் இரண்டு பக்கமும் கசியும். எனவே பழி அந்த சீல் மீது. ஒரே ஒரு முகம் மட்டும் தனியாக விழுந்திருந்தால் அந்த முகத்தின் சைடு சீல். ஆறுமே சீராக 6.8, 6.9 என்று வந்தால் பொதுவான தேய்மானம். ஓடும், ஆனால் அடுத்த இன்ஜினுக்கான பணத்தை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

விற்பவர் காட்டும் காகிதத்தில் ஆர்பிஎம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றினால் எண்ணும் கூடும். 300 ஆர்பிஎம்மில் எடுத்த 7.5, 250-க்குத் திருத்தினால் எல்லைக்குக் கீழே இறங்கக்கூடும். ஆர்பிஎம் இல்லாத காகிதம் கணக்கில் வராது.

காயில், பிளக், கன்வெர்ட்டர்

நான்கு காயில்கள், நான்கு வயர்கள், நான்கு பிளக்குகள். கீழே இருப்பவை லீடிங், மேலே இருப்பவை டிரெய்லிங். இரண்டும் வேறு வேறு பிளக். என்ஜிகே தயாரிப்பில் லீடிங்குக்கு ஆர்ஈ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்ஈ9பி-டி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இடம் மாற்றிப் போடக்கூடாது. மேலிருந்து கை போகாது. இடது முன் சக்கரத்தைக் கழற்றி, அந்த வழியாக எட்டுவதே சுலபம். வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் போட்டுக்கொள்ளுங்கள். லீடிங்கும் டிரெய்லிங்கும் மாறிப்போனால் சைலன்சரில் பட்டாசு வெடிக்கும், கன்வெர்ட்டரும் பாதிக்கும்.

காயில்களின் ஆயுள் சுமார் 50,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் வயரோடும் பிளக்கோடும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் அதே வயது, அதே சூட்டில் வாழ்ந்தவை. மாஸ்டா இந்தக் காயிலைத் திருத்தியிருக்கிறது. பாக எண்ணின் முடிவில் 'சி' என்ற எழுத்து வருவதுதான் கடைசித் திருத்தம். பெயர் தெரியாத மலிவு காயில் போடுவது இந்த வண்டியில் செய்யக்கூடிய மிகக் கெட்ட சிக்கனம்.

மிஸ்ஸிங் இருந்தால் ஓபிடி ரீடரில் (வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) பி0301 என்றால் முன் ரோட்டர், பி0302 என்றால் பின் ரோட்டர். நான்கு காயில்களும் ஒரே பாகம் என்பதால் கண்டுபிடிப்பது எளிது. முன் லீடிங் காயிலையும் பின் லீடிங் காயிலையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். கோளாறு எண் மறு ரோட்டருக்குத் தாவினால் காயில்தான் குற்றவாளி. தாவாவிட்டால் வயர், பிளக், அதன் பிறகு கம்ப்ரஷன். செக் இன்ஜின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் அந்த நொடியே கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஓரம் கட்டுங்கள். வீடு வரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற ஆசைதான் பல இன்ஜின்களுக்கு எமன்.

கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் தேன்கூடு உடைந்திருக்கிறது. சத்தமில்லை என்பதால் அடைப்பும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு. ஓட்டிய பிறகு கியர் லீவருக்குப் பக்கத்தில் உள்ள தரை வழக்கத்துக்கு மாறாகக் கொதித்தால் அதுவும் அதே சேதி. கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருக்கும் வண்டிகள் நிறைய. இன்ஜினுக்கு நல்லதுதான், ஆனால் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி சாலையில் ஓட்ட முடியாது, சத்தமும் காதைப் பிளக்கும்.

ஆயில்

இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும். கோளாறு என்று நினைக்காதீர்கள், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆயில் மீட்டரிங் பம்ப் ஒன்று, எண்ணெய்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ரோட்டர் கூட்டுக்குள் தெளிக்கிறது. அப்பெக்ஸ் சீலுக்கு உயவு அது ஒன்றுதான். ஓட்டும் விதத்தைப் பொறுத்து 1,500 முதல் 2,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வாக்கில் இறங்கும். "எங்க வண்டி ஆயிலே குடிக்காது" என்று விற்பவர் பெருமைப்பட்டால் ஜாக்கிரதை. பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது தெளிக்கும் முனை அடைத்திருக்கிறது.

இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடு இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து. மாற்றுவது 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. ஃபில்டரோடு மாற்றினால் சுமார் 3.5 லிட்டர் போகும். முழு அமைப்பு அதைவிடப் பெரிது, மீதி ஆயில் முன்னால் இருக்கும் இரண்டு கூலர்களிலும் குழாய்களிலும் நின்றுவிடும். ஒரு முறையில் எல்லாப் பழைய ஆயிலும் வெளியே வராததால் இடைவெளியை நீட்டிக்கக் கூடாது. கிரேடு நாட்டுக்கு நாடு வேறுபட்டது: அமெரிக்கக் கையேடு 5டபிள்யூ-20, ஐரோப்பியக் கையேடு 5டபிள்யூ-30. ஒரே இன்ஜினுக்கு இரண்டு பதில் என்பதே யோசிக்க வைக்கிறது. வெயில் ஊரில், கடுமையாக ஓட்டுபவர்கள் 30-க்குக் கீழே போகாமல் இருப்பது பேரிங்குகளுக்கு நல்லது.

2009 மாடலிலிருந்து ஒவ்வொரு ரோட்டருக்கும் ஆயில் தெளிக்கும் முனைகளை இரண்டிலிருந்து மூன்றாக்கினார்கள், பம்பையும் ஆயில் பிரஷரையும் மேம்படுத்தினார்கள். நீங்கள் பார்க்கும் 2005 மாடலில் இரண்டு முனைகள்தான். இந்தக் குறையை ஈடுகட்ட, பெட்ரோலோடு நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலைச் சிறிது கலப்பது பலர் கைக்கொள்ளும் வழக்கம். 50 லிட்டருக்கு 200 முதல் 250 மில்லி. ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரம், சாம்பல் குறைவானது. பெட்ரோல் போடும் முன் டேங்கில் ஊற்றினால் தானே கலந்துகொள்ளும். இது கூடுதல் காப்பு மட்டுமே. தொட்டியில் ஆயில் அளவு பார்ப்பதற்கு மாற்று ஆகாது.

முன் பம்பரின் இரு ஓரங்களிலும் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலர்களைக் குனிந்து பாருங்கள். தாழ்வாக இருப்பதால் கல் அடி படும். சாலையில் உப்பு தூவும் ஊர் வண்டியானால் கூலருக்குப் போகும் உலோகக் குழாய்கள் துருப்பிடித்துக் கசியும். அங்கே ஈரம் தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஆயில் போன வேகத்தில் இன்ஜினும் போகும், பிரஷர் முள்ளோ கடைசி வரை நடுவில் நிற்கும்.

சூடு

ரோட்டர் கூடு அலுமினியம், அதன் இரு பக்கத் தகடுகளும் வார்ப்பிரும்பு, எல்லாவற்றையும் நீண்ட போல்ட்டுகள் ரொட்டித் துண்டுகள் போல் அடுக்கி இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஒரு முறை அதிகமாகச் சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், நடுவில் உள்ள கூலன்ட் சீல் நசுங்கும். ஆறிய பிறகு அது பழைய வடிவத்துக்குத் திரும்பாது. பிஸ்டன் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட்டோடு முடியும் விபத்து இங்கே முழு இன்ஜினையும் பிரிப்பதில் முடிகிறது.

எனவே மலிவான ஓபிடி புளூடூத் ரீடரை மாட்டி, போனில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கும். ஓடும்போது 85 முதல் 95 வரை நல்லது, டிராஃபிக்கில் நின்றால் 100-ஐத் தொட்டு ஃபேன் போட்டதும் இறங்க வேண்டும். 105-ஐத் தாண்டினால் ஏ.சி.யை அணையுங்கள், 110 என்றால் வண்டியை நிறுத்துங்கள்.

வழக்கமான குற்றவாளிகள்: ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்களில் விரிசல், கூலன்ட் டேங்கின் தையலில் விரிசல், வேலை செய்யாத ஃபேன் ரிலே. டேங்குக்குள் இருக்கும் அளவு சென்சார் கெட்டு, கூலன்ட் நிறைந்திருந்தும் எச்சரிக்கை விளக்கு எரிவதும் உண்டு. அதற்காக விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுபவர்களுக்குத்தான் உண்மையாகவே கூலன்ட் இறங்கும் நாளில் அடி விழுகிறது. புது டேங்க் வாங்கிப் போட்டுவிடுங்கள், சென்சாரும் அதோடு வரும். கூலன்டாக மாஸ்டாவின் எஃப்எல்22 அல்லது அதற்கு இணையானது. நிறம் பார்த்து எதையும் கலக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகாத காலை

ஆறின வண்டியை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைப்பது. ஆர்எக்ஸ்-8-க்குச் செய்யும் பெரிய துரோகம் இதுதான். ஆறின இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் கொடுக்கப்படும். எரியாத மிச்சம் உள்ளேயே தங்கி, கூட்டின் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிவிடும். அடுத்த முறை ஓவர்ஃப்ளோ ஆகி, செல்ஃப் மட்டும் சுற்றும். வண்டியை எடுத்தால் சூடு பிடிக்கும் வரை ஓடவிட்டே அணையுங்கள்.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால்: ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், பத்து விநாடி. அந்த நிலையில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே இருப்பது வெளியேறும். ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டாரை ஆறவிட்டு மீண்டும். மூன்று நான்கு முறைக்குப் பின் காலை எடுத்துவிட்டுச் சாதாரணமாக ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்துங்கள்; ஓட்டைகள் வழியே சில மில்லி இன்ஜின் ஆயிலைச் சொட்டவிட்டு, கையால் கொஞ்சம் சுற்றி, மீண்டும் மாட்டுங்கள். ஆயில் சீலைச் சுவரோடு ஒட்டவைத்து அழுத்தத்தை மீட்கும். பிடித்ததும் வெள்ளைப் புகை மண்டலமே கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

பலவீனமான பேட்டரியும் பழைய செல்ஃப் மோட்டாரும் இதே நோயைப் போல நடிக்கும். ஆரம்ப மாடல்களின் செல்ஃப் மெதுவாகச் சுற்றியதால் மாஸ்டாவே பின்னர் பலமானதைக் கொடுத்தது. இன்ஜின் செத்தது என்று முடிவெடுக்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

சூடு பிடித்த பிறகு பயப்படாமல் ரேஸ் கொடுங்கள். 3,000 ஆர்பிஎம்முக்குள்ளேயே கியர் மாற்றிக்கொண்டு பொத்திப் பொத்தி ஓட்டிய வண்டியில்தான் கரி அதிகம். ஒவ்வொரு நாளும் ஒரு முறையாவது, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது, மேலே வரை இழுத்து ஓட்டுங்கள். முதியவர் மெதுவாக ஓட்டிய வண்டி என்ற விளம்பரம் வேறு கார்களில் தகுதி; இங்கே ஒரு கேள்விக்குறி.

மற்றவை

சேஸியும் பிரேக்கும் ஸ்டீரிங்கும் நல்லவை, நீண்ட நாள் உழைப்பவை. கிளட்ச் மிதியைத் தாங்கும் பிராக்கெட்டின் வெல்டிங் விரிசல் விடுவது 2005 வாக்கிலான மாடல்களின் தெரிந்த குறை. மிதிக்கும்போது கிறீச் என்றாலோ, முதல் கியரும் ரிவர்ஸும் கரகரத்து விழுந்தாலோ, கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீரிங் திடீரென்று கனமாகி எச்சரிக்கை விளக்கு வந்தால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் அதன் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், பச்சை பூத்திருக்கும். துரு முதலில் பிடிப்பது பின் சக்கர வளைவுகளின் உள்விளிம்பிலும், பின் கதவு மூடும் சட்டத்தின் அடியிலும். பின் சஸ்பென்ஷன் அலைன்மென்ட் போல்ட்டுகள் புஷ்ஷோடு இறுகிப்போயிருந்தால் ஒவ்வொரு அலைன்மென்டும் அறுவை சிகிச்சைதான்.

வண்டியின் சேஸி எண்ணைக் கொடுத்து ரீகால் வேலைகள் (குறையுள்ள பாகத்தை மாற்ற மாஸ்டாவே வண்டியைத் திரும்ப அழைப்பது) முடிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். டகாடா ஏர்பேக், பெட்ரோல் பம்பின் சீல் வளையம், முன் லோயர் பால் ஜாயின்ட் ஆகிய மூன்றுக்கும் ரீகால் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதைச் சேஸி எண்தான் சொல்லும்.

எரிபொருள்: நல்ல நிலையில் லிட்டருக்கு 7 முதல் 9 கி.மீ. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளாதவர்கள் இந்த வண்டியைத் தொடவே வேண்டாம். திடீரென்று 6-க்கும் கீழே இறங்கினால் பழைய பாட்டுதான், முதலில் காயில்.

வாங்கிய முதல் வாரத்தில், சர்வீஸ் புத்தகம் என்ன சொன்னாலும், நான்கு காயில், வயர், பிளக், இன்ஜின் ஆயில், கூலன்ட் ஆகியவற்றைப் புதிதாக மாற்றுங்கள். கிலோமீட்டர் கணக்கு அந்த நாளிலிருந்து உங்களுடையது. வேலை முடிந்து பேட்டரியை மாட்டியதும் இன்ஜின் கம்ப்யூட்டர் ஷாஃப்ட் சென்சாரின் அளவை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும்: சாவியை ஆன் நிலையில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல், எட்டு விநாடிக்குள் பிரேக்கை 20 முறை மிதியுங்கள். ஆயில் பிரஷர் முள் ஒரு முறை துள்ளி விழும். அந்த முள்ளால் கிடைக்கும் உருப்படியான ஒரே பயன் இதுவாக இருக்கலாம்.

கடைசியாக அந்த "இன்ஜின் கட்டியாச்சு" விஷயம். 80,000-இல் கட்டி, இன்று 1,10,000 என்றால் புது இன்ஜின் 30,000 கி.மீ. ஓடியிருக்கிறது, ஆறு எண்களும் 7.5-க்கு மேல் இருப்பதுதான் நியாயம். 7-ஐ ஒட்டி வந்தால் மலிவாகக் கட்டியிருக்கிறார்கள். பில்லைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரோட்டர் கூடுகள் புதிதாகப் போடப்பட்டனவா, அல்லது குரோம் பூச்சு உரிந்த பழைய கூட்டிலேயே புது சீல் மட்டும் போட்டார்களா? உரிந்த குரோமைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை, பழைய கூட்டில் புது சீல் சீக்கிரம் தேயும். பக்கத் தகடுகள் மட்டமாக்கப்பட்டனவா? அதே பில்லில் காயில்களும் கன்வெர்ட்டரும் இருக்கின்றனவா? அவை இல்லையென்றால் முதல் இன்ஜினைக் கொன்றது எதுவோ, அது இன்னும் அதே வண்டியில்தான் மாட்டியிருக்கிறது. அப்படியானால் எண்கள் நன்றாக வந்தாலும், காயில் செட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் ஆகும் செலவைக் கழித்த விலையைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.